501 குயின் லைனை ஓப்பன்பிவிஇ-ல கட்டறேன், லூப்லயே வளைவு உடையுது

பழையகம்பி

வணக்கம். இங்க ரொம்ப நாளா வாசிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இப்ப ஒரு இடத்துல மாட்டி ஒரு மாசமா நகர முடியல, அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

டொராண்டோவோட 501 குயின் ஸ்ட்ரீட்கார் லைனை, அதாவது ரோட்டுலயே ஓடற டிராம் லைனை, ஓப்பன்பிவிஇ-ங்கற ரயில் ஓட்டற சிமுலேட்டர்ல முழுசா கட்டணும்னு ஆசை. கிழக்க நெவில் பார்க் லூப்ல (வண்டி வட்டமடிச்சுத் திரும்பற இடம்) கிளம்பி மேற்க லாங் பிராஞ்ச் லூப் வரைக்கும், 24 கிலோமீட்டருக்கு மேல வரும். காலம், சிஎல்ஆர்விங்கற பழைய ஸ்ட்ரீட்கார் ஓடின காலம். 1979ல சர்வீஸுக்கு வந்த வண்டி, 2019 டிசம்பர் 29ஆம் தேதி இதே குயின் லைன்லதான் கடைசியா ஓடி நின்னுச்சு. அந்தக் கடைசி நாள் வீடியோ பாத்ததுல இருந்துதான் எல்லாம் ஆரம்பிச்சது. சிவப்பும் வெள்ளையும், மூஞ்சில ஒத்தை ஹெட்லைட், கூரைல பின்பக்கமா சாய்ஞ்சு வர்ற ட்ராலி போல், அது வயர்ல உரசிட்டே வர்ற சத்தம். இப்ப ஓடற ஃப்ளெக்ஸிட்டி நல்ல வண்டிதான், அதைப் பத்தி குறை இல்ல, ஆனா எனக்கு அந்தப் பழசோட டிரைவர் சீட்லதான் உக்காரணும்.

இதுக்கு முன்னாடி ரெண்டு சின்ன ரயில் ரூட் கட்டி முடிச்சிருக்கேன். சாதாரண ரயில்வே, 300 மீட்டர் 400 மீட்டர் ரேடியஸ் வளைவு, அதெல்லாம் பிரச்சனையே இல்லாம வந்துச்சு. இங்க நெவில் பார்க் லூப்ல முதல் திருப்பத்துலயே எல்லாம் கலையுது. டொராண்டோல குறைஞ்சபட்ச ரேடியஸ் 11 மீட்டர்னு படிச்சேன், அதையே அப்படியே போட்டேன், தண்டவாளம் விசிறி விரிச்ச மாதிரி பிரிஞ்சு கிடக்குது, வண்டி திரும்ப வேண்டியதுக்கு மேல திரும்பி பக்கத்து பில்டிங் சுவத்துக்குள்ள போயிடுது.

இன்னொண்ணு, வண்டி கிளம்பவே மாட்டேங்குது. சிஎல்ஆர்விக்கு ஆக்ஸிலரேஷன் 1.47னு இருந்துச்சு, வண்டி விவரம் எழுதற ட்ரெயின் டேட் ஃபைல்ல அதே நம்பர்தான் போட்டிருக்கேன், ஆனா சரக்கு வண்டி மாதிரி நகருது. ட்ராஃபிக் சிக்னலையும் எப்படி செய்யறதுன்னு புரியல, ரயில் சிக்னல் கமாண்ட் வச்சு செஞ்சா முன்னாடி வண்டி இருந்தாதான் சிவப்பு விழுது. யாராவது ஸ்ட்ரீட்கார் ரூட் கட்டினவங்க இருந்தா வழி சொல்லுங்க. டொராண்டோவுக்கு நான் போனதே இல்ல, அதையும் சொல்லிடறேன்.

தண்டவாளமேஸ்திரி

ப்ரோ, சுவத்துக்குள்ள போறதுக்கு காரணம் உங்க நம்பர் தப்புன்னு இல்ல, பிளாக் நீளம்.

ஓப்பன்பிவிஇ ரூட்டை 25 மீட்டர் துண்டு துண்டாதான் பாக்கும். வளைவு, ஏத்தம், தண்டவாள மாத்தம் இதெல்லாம் ஒரு துண்டோட ஆரம்பத்துலதான் வேலை செய்யும், நடுவுல எழுதினா பக்கத்து ஆரம்பத்துக்கு இழுத்துக்கும். இப்ப 11 மீட்டர் ரேடியஸ்ல 90 டிகிரி திரும்ப எவ்வளவு தூரம் வேணும்? 17 மீட்டர் சொச்சம். அதாவது முழு திருப்பமும் ஒரு துண்டை விட சின்னது. நீங்க ஒரு துண்டு முழுக்க 11னு போட்டா வண்டி 25 மீட்டரும் திரும்பிட்டே போகும், கணக்கு போட்டா 130 டிகிரி வருது. 90ல நிக்க வேண்டியது 130 வரைக்கும் போனா சுவருதான். அந்த விசிறியும் இதனாலதான், நேரான 25 மீட்டர் தண்டவாள ஆப்ஜெக்டை அந்த வளைவு மேல போய் வைக்குது.

ஆப்ஷன்ஸ்ல பிளாக்லெங்த்னு ஒரு கமாண்ட் இருக்கு, ரூட் ஃபைல் ஆரம்பத்துல ஒரே தடவைதான் குடுக்க முடியும், நடுவுல மாத்த முடியாது. அதை 2 மீட்டர் வைங்க. 5 வச்சுப் பாத்தேன், ஒரு துண்டுக்கு 26 டிகிரி உடையுது, கேபின்ல இருந்து பாத்தா உலகம் வெடுக் வெடுக்னு திரும்பும். 2ல ஒரு துண்டுக்கு 10 டிகிரி சொச்சம், கண்ணுக்கு ஓகே. ஒம்பது துண்டு சேத்தா 18 மீட்டர், ரேடியஸ் 11.46 போட்டீங்கன்னா ஒம்பதாவது முடிவுல கரெக்டா 90 வந்து நிக்கும். நிஜ முக்கு எல்லாம் சுத்தமா 90 கிடையாது, அதை அளந்து மாத்திக்கோங்க. வளைவுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணு ரெண்டு துண்டு 35, 40 மீட்டர் ரேடியஸ் குடுத்து உள்ள நுழைங்க, இல்லன்னா நுழையற இடத்துல ஒரு குலுக்கல் தெரியும்.

கண்ணுக்குத் தெரியற தண்டவாளத்தை அந்த இடத்துல துண்டு துண்டா வைக்கவே வேணாம். அங்க ரெயில் டைப்பை காலி ஆப்ஜெக்டா மாத்திட்டு, முழு முக்கையும் பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல ஒரே ஆப்ஜெக்டா செஞ்சு, கான்கிரீட் ரோடு, தண்டவாளம், அதுக்குள்ள இருக்கிற பள்ளம் எல்லாம் சேத்து ஒரே தடவைல கொண்டு போய் வைங்க. நான் இந்த வழிக்கு வர ரெண்டு வருஷம் ஆச்சு. முக்கு எவ்வளவு சிக்கலோ அவ்வளவு இதுதான் சுலபம், நாலு பக்கமும் எல்லா திசைக்கும் திரும்பற கிராண்ட் யூனியன் ஒண்ணுல மட்டும் 16 ஸ்விட்ச் இருக்கும், அதை கமாண்ட்ல எழுதி முடிக்க முடியாது.

கேஜை, அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கிற அகலத்தை, மறந்துடாதீங்க. டொராண்டோ 1495 மில்லிமீட்டர், ஸ்டாண்டர்டை விட 60 அகலம். ரூட் கேஜ் கமாண்ட்ல குடுக்கலாம், ஆனா டவுன்லோட் பண்ற ஆப்ஜெக்ட் எல்லாம் 1435க்கு செஞ்சதா இருக்கும், வண்டி சக்கரம் தண்டவாளத்துக்கு வெளிய நிக்கற மாதிரி தெரியும். அப்புறம் வண்டி ஃபைல்ல ஆக்ஸில் இடத்தை நீங்களே குடுங்க. டிஃபால்ட்டா விட்டா அது வண்டியோட ரெண்டு முனை பக்கமா தள்ளி வச்சுக்கும், 400 மீட்டர் வளைவுல வித்தியாசமே தெரியாது, 11 மீட்டர்ல வண்டி நடு உடம்பு உள்பக்க பிளாட்பாரத்தை வெட்டிட்டு போகும்.

ஆக்ஸிலரேஷன் விஷயம் சுலபம். ட்ரெயின் டேட் கேக்கறது மணிக்கு கிலோமீட்டர் கணக்குல ஒரு செகண்டுக்கு எவ்வளவுன்னு. உங்க 1.47 மீட்டர் கணக்கு. 3.6ஆல பெருக்குங்க, 5.3 வரும். பிரேக்கும் அப்படித்தான், 1.6ன்னா 5.8 கிட்ட. போட்டு ஓட்டிப் பாருங்க, ஸ்ட்ரீட்கார்னா என்னன்னு அப்ப தெரியும், ரயில் ஓட்டிப் பழகின கைக்கு அந்த இழுப்பு ஆச்சரியமா இருக்கும். ஏத்தம் ஆயிரத்துக்கு எவ்வளவுன்னு எழுதணும், அந்த ஊர் ஸ்ட்ரீட்கார் ஏறக்கூடிய அதிகபட்சம் 8 சதவீதம், அதாவது 80. ரயில்ல 80னு யாரும் எழுத மாட்டாங்க.

ட்ராஃபிக் சிக்னலுக்கு ரயில் சிக்னல் போடற செக்ஷன் கமாண்ட் வேண்டாம். அனிமேட்டட் ஆப்ஜெக்டா செய்யுங்க, டைம் வேரியபிள் நள்ளிரவுல இருந்து செகண்டா எண்ணிட்டே வரும், அதை 80ஆல வகுத்து மீதி எவ்வளவுன்னு பாத்து பச்சை, மஞ்சள், சிவப்பு மாத்திக்கலாம். சிமுலேட்டர் உங்களை நிறுத்தாது, நீங்கதான் பாத்து நிக்கணும். நிஜத்துலயும் அப்படித்தானே.

இப்ப என் கருத்து. 501ஐ முதல்ல எடுக்காதீங்க. 2 மீட்டர் துண்டுல 24 கிலோமீட்டர்னா பன்னிரண்டாயிரம் துண்டு, ரெண்டு பக்கமும் கடை கடையா, பாதி வழில கை விட்டுப் போயிடும். 509 ஹார்பர்ஃபிரண்ட் லைனை எடுங்க, யூனியன் ஸ்டேஷன்ல இருந்து எக்ஸிபிஷன் லூப் வரைக்கும் அஞ்சு கிலோமீட்டர் கூட இல்ல. ஆனா யூனியனுக்கு அடில இறுக்கமான லூப், பே ஸ்ட்ரீட்டுக்கு கீழ டன்னல், சரிவுல ஏறி வெளிச்சத்துக்கு வர்ற இடம், ஏரிக்கரை ஓரம், பாதர்ஸ்ட் ஸ்ட்ரீட்ல வலது, ஃபிளீட் ஸ்ட்ரீட்ல இடது, எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. பெரும்பாலும் தனி வழித்தடம், கார் கலப்பு குறைவு. அங்க கத்துக்கிட்டதை எல்லாம் குயின் லைனுக்கு கொண்டு போங்க.

ரொறொன்ரோக்காரன்

தம்பி, நான் ரொறொன்ரோவில இருக்கிறன், குயின் வீதிக்குக் கிட்டத்தான், இருபது வருசத்துக்கு மேல. சிமுலேற்றர் எனக்குப் பெரிசாத் தெரியாது, மகன்தான் இந்தப் பக்கத்தைக் காட்டினவன். ஆனா அந்தப் பழைய வண்டியில எத்தினை நாள் வேலைக்குப் போய் வந்தனான் எண்டு கணக்கில்லை, அதால வீதிப் பக்கத்தை மட்டும் சொல்லுறன்.

கதவை முதல்ல யோசியுங்கோ. குயின் வீதியில பெரும்பாலான இடத்தில மேடை எண்டு ஒண்டும் இல்லை. தண்டவாளம் வீதிக்கு நடுவில, சனம் நடைபாதையில நிக்கும், வண்டி வந்து நிண்டு கதவு திறந்தாப் பிறகு ஒரு லேனைக் கடந்துதான் ஏற வேணும். அதுக்காகத்தான் கதவு திறந்திருக்கேக்க பின்னால வாற கார் கதவிலயிருந்து 2 மீற்றர் தள்ளி நிக்க வேணும் எண்டு ஒன்ராறியோவில சட்டம் இருக்கு. நீங்கள் கட்டுற ரூட்டில வண்டி கதவு திறந்து நிக்க, கார் எல்லாம் பக்கத்தால ஓடிக்கொண்டிருந்தா, இஞ்ச இருக்கிற ஒருத்தனுக்கு அது குயின் வீதியாத் தெரியாது. 509 பக்கம் அந்தப் பிரச்சினை இல்லை, அங்க மேடை இருக்கு.

அடுத்தது, எல்லா ஸ்ரொப்பிலயும் வண்டி நிக்காது. ஆள் நிண்டாலோ, உள்ளுக்க இருந்து கயிறு இழுத்தாலோதான் நிக்கும். இரவில சில இடத்தில நாலு அஞ்சு ஸ்ரொப் விட்டுட்டுப் போகும். காலமை எண்டா எல்லாத்திலயும் நிக்கும், அதுவும் பழைய வண்டியில காசு போடுறவை முன் கதவாலதான் ஏற வேணும், ஒவ்வொருத்தரா ஏறேக்க லைற் ஒருக்கா பச்சை வந்து திரும்பச் சிவப்பாகிப் போயிடும். அந்தக் காத்திருப்பு இல்லாமல் குயின் லைன் இல்லை. ஸ்ரொப்புக்கும் லைற்றுக்கும் இடையில எத்தினை அடி எண்டதை வடிவாப் பாத்து வையுங்கோ.

தண்டவாளம் பிரியிற இடத்தில ஓட்டுறவர் என்ன செய்வார் எண்டும் பாத்திருக்கிறன். இறுகப் பிரேக் போட்டு, குனிஞ்சு தண்டவாள நாக்கு எந்தப் பக்கம் கிடக்குது எண்டு பாத்துட்டுத்தான் எடுப்பார், 10 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல போக மாட்டினம். நிறைய இடத்தில வண்டியில இருந்தே மின்சாரத்தால மாத்தலாம், அது வேலை செய்யாட்டி, இல்லாட்டி கையால மாத்துற இடமெண்டா, ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு கீழ இறங்கி நாக்கைத் தள்ளிவிட்டுட்டு வருவார். பனி நேரத்தில முன் கதவு திறந்து குளிர் உள்ளுக்க அடிக்க, நாங்கள் எல்லாம் அவரையே பாத்துக்கொண்டிருப்பம். அப்பிடி ஒரு நாள் வண்டியள் நிப்பாட்டி வைக்கிற ரஸல் கார்ஹவுஸுக்குக் கிட்ட, பனி கொட்டுது, மனிசன் மூண்டு தரம் இறங்கி ஏறினவர், ஏறி வந்து "மன்னிக்கோணும்" எண்டு முழு வண்டிக்கும் சொன்னவர். அவருக்கு எல்லாரும் கை தட்டினவை.

பனி எண்டதும் ஞாபகம் வருது. பனியில வண்டி எடுக்கேக்க சக்கரம் சும்மா சுத்துறது காலுக்குக் கீழ தெரியும். அதை உங்கட சிமுலேற்றரில கொண்டு வர முடியுமோ?

இன்னொண்டு, ரொறொன்ரோ வீதியள் நேர் வடக்குத் தெற்காப் போகாது, முழு ஊரும் கிட்டத்தட்ட 17 பாகை சரிஞ்சு கிடக்குது. வெய்யில் எந்தப் பக்கத்தால விழுது எண்டது அதிலதான் இருக்கு.

நெட்வொர்க்பிரியன்

ரொறொன்ரோ அண்ணை, சக்கரம் சுத்தறதுக்கு ஓப்பன்பிவிஇ-ல அட்ஹீஷன்னு கமாண்ட் இருக்கு. காய்ஞ்ச தண்டவாளம் 135, உறைபனி 85, பனி விழுந்தா 50. போட்டுட்டு ஃபுல் பவர் குடுத்தா நீங்க சொன்னது அப்படியே வரும். ஸ்டாப் விஷயத்துக்கும் வழி இருக்கு, ஸ்டேஷனை எக்ஸ்எம்எல் ஃபைலா எழுதினா ரிக்வெஸ்ட் ஸ்டாப் வைக்கலாம், ஆள் இருக்கறதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு நம்பர் குடுக்கலாம், ஒவ்வொரு ஓட்டமும் வேற மாதிரி இருக்கும்.

ஆனா பழையகம்பி ப்ரோ, நான் வேற ஒண்ணு கேக்கறேன். அண்ணை சொன்ன அந்த ஸ்விட்ச் பாத்து நிக்கறதுதான் ஸ்ட்ரீட்கார் ஓட்டறதோட உயிரே. ஓப்பன்பிவிஇ-ல உங்க பாதை ரூட் ஃபைல் எழுதும்போதே முடிவாயிடும், வண்டி அதுலயேதான் போகும், தப்பான பக்கம் திரும்பவே முடியாதுன்னா குனிஞ்சு பாக்கறதுக்கு என்ன அர்த்தம்? ஓப்பன் ரெயில்ஸ், டிரெயின்ஸ்னு இருக்கிற மத்த ரெண்டு சிமுலேட்டர்ல கட்டினா முழு நெட்வொர்க்கா கட்டலாம். ஓப்பன் ரெயில்ஸ்ல ஜி கீ அழுத்தினா முன்னாடி இருக்கிற ஸ்விட்ச் மாறும், மாத்த மறந்தா ஸ்பெடைனா தெருப் பக்கம் போயிடுவீங்க, அதுக்கப்புறம் ஏதாவது ஒரு லூப் கண்டுபிடிச்சு திரும்பி வரணும், ஏன்னா சிஎல்ஆர்வி ஒரு பக்கம் மட்டும் ஓட்டற வண்டி, கதவும் வலது பக்கம் மட்டும்தான். அங்க லூப் இல்லாம எதுவும் திரும்பாது.

டிரெயின்ஸ்ல தண்டவாளம் ஸ்ப்லைனா, அதாவது இழுத்து வளைக்கற ஒரே கோடா வரும், துண்டு கணக்கே இல்ல, 11 மீட்டர் வளைவை கையால இழுத்து வைக்கலாம். நிலத்தோட மேடு பள்ளத்தை டிரான்ஸ்டெம்ங்கற சாஃப்ட்வேர் வழியா இறக்கிக்கலாம். கார் ஓட்டத்துக்கு அங்க பழைய உத்தி ஒண்ணு இருக்கு, கண்ணுக்குத் தெரியாத தண்டவாளம் போட்டு காரையே ஒரு ரயிலா ஓட்டறது, அப்ப அது உங்க வண்டிக்குப் பின்னாடி நிக்கும். ஓப்பன் ரெயில்ஸ்ல ரோட்டுல வர்ற கார் லெவல் கிராஸிங்ல மட்டும்தான் நிக்கும், அதனால கதவு சட்டத்தை அங்க கொண்டு வர முடியாது.

குறையும் சொல்லணும். பெடல் உணர்வு, மோட்டார் சத்தம், பிரேக் பிடிக்கறது, இந்த மூணுலயும் ஓப்பன்பிவிஇ-ஐ நான் விட்டுக்குடுக்க மாட்டேன். ஒரே லைன் ஒரே வண்டின்னா அதுதான். ஊரையே கட்டணும்னா மத்தது.

பழையகம்பி

எல்லாருக்கும் நன்றி, ரொறொன்ரோ அண்ணை எழுதினதை மூணு தடவை படிச்சேன்.

மேஸ்திரி அண்ணா சொன்ன மாதிரி பிளாக் 2 மீட்டர், ரேடியஸ் 11.46, ஒம்பது துண்டு. திரும்புது! சுவத்துக்குள்ள போகல. ஆக்ஸிலரேஷன் 5.3 போட்டதும் முதல் தடவை பயந்துட்டேன், அடுத்த ஸ்டாப்பை தாண்டிப் போய்தான் நின்னேன்.

சரி, 509க்கு மாறிட்டேன். ஓப்பன்பிவிஇ-லயே இருக்கேன், எனக்கு அந்த வண்டியோட சத்தமும் இழுப்பும்தான் முக்கியம், நெட்வொர்க்பிரியன் ப்ரோ தப்பா நினைக்காதீங்க, குயின் லைன் வரும்போது திரும்ப உங்ககிட்ட வருவேன்.

ஆனா ஒரு இடிக்கற விஷயம் இருக்கு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல இருந்து தண்டவாளக் கோடு எடுத்தேன், ஜிடிஎஃப்எஸ்-ங்கற டைம்டேபிள் ஃபைல்ல இருந்து ஸ்டாப் எடுத்தேன், வான்படத்தையும் வச்சுப் பாத்தேன். குயின்ஸ் கீ ஸ்ட்ரீட்ல தண்டவாளத்துக்கு வடக்கே மட்டும்தான் கார் ஓடுது, தெற்கே சைக்கிள் பாதையும் மரமும். நான் வச்சிருக்கிற பழைய வீடியோல ரெண்டு பக்கமும் கார் ஓடுது, தண்டவாளம் நடுவுல. எது சரி? அப்புறம் மேல போற வயரை எப்படி போடறது, ரயில்ல போடற மாதிரி இடம் வலம்னு வளைச்சு வளைச்சு போட்டிருக்கேன், பாக்க ஏதோ ஒட்டாம இருக்கு.

தண்டவாளமேஸ்திரி

ரெண்டுமே சரி, காலம் வேற. குயின்ஸ் கீயை 2012ல பேத்துப் போட்டாங்க, அப்ப 509 நின்னுச்சு, 2014 அக்டோபர்ல திரும்ப ஓடும்போது தெரு அமைப்பே மாறியிருந்துச்சு. நீங்க பாக்கற வான்படம் புதுசு, வீடியோ பழசு. அதனால முதல் வேலை, ஒரு வருஷத்தை எழுதி சுவத்துல ஒட்டுங்க. 2011னு வைங்க. அதுக்கப்புறம் எந்த ஆப்ஜெக்ட் வச்சாலும் அந்த வருஷம் இது இருந்துச்சான்னு கேளுங்க. ஏரிக்கரை ஓரம் கண்ணாடிக் கட்டடம் பாதி அதுக்கப்புறம் வந்ததா இருக்கும். நகராட்சியோட ஓப்பன் டேட்டால 3டி மாஸிங்னு கட்டட உருவம் எல்லாம் கிடைக்குது, அதை அப்படியே இறக்காதீங்க, ஒவ்வொண்ணா சரிபாத்து பின்னாடி வந்ததை எடுத்துடுங்க.

ஜிடிஎஃப்எஸ் பத்தி ஒரு வார்த்தை. அதுல இருக்கிற கோடு பஸ்ஸுக்கும் ஸ்ட்ரீட்காருக்கும் ஒரே மாதிரி தெரு மேல வரைஞ்சது, தண்டவாளத்தோட நிஜ இடம் கிடையாது. நேரத்துக்கும் ஸ்டாப் வரிசைக்கும் வச்சுக்கோங்க, வடிவத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்தான், ரூட் வெளியிடும்போது அவங்க பேரை கட்டாயம் போட்டுடுங்க, அது அவங்க லைசென்ஸ். உயரத்துக்கு டெம் (நிலத்தோட உயர அளவு) எடுக்கும்போது பாலத்தை கவனிங்க. வெறும் நிலத்தை மட்டும் காட்டற வகைல பாலம் எல்லாம் உரிச்சு எடுத்திருப்பாங்க, நாளைக்கு 510 லைனையும் சேக்கும்போது ஸ்பெடைனா பாலத்துல போக வேண்டிய வண்டி கீழ ரயில் யார்டுக்குள்ள இறங்கும். டன்னலும் அதுல இருக்காது, யூனியன்ல இருந்து வெளிய வர்ற வரைக்கும் சரிவை நீங்களே கேபின் வீடியோ பாத்துதான் கணிக்கணும்.

வயர் விஷயத்துல உங்க கண்ணு சரியா சொல்லியிருக்கு. இடம் வலம்னு வளைச்சுப் போடறது பான்டோகிராஃபுக்கு, அதாவது கூரைல மடிஞ்சு விரியற சட்டத்துக்கு, அதோட மேல் பட்டை ஒரே இடத்துல தேயாம இருக்க. ட்ராலி போலுக்கு அது வேணாம், அது வயரைத் தேடிப் பிடிச்சுட்டு வரும். வயர் தண்டவாளத்து நடுவுக்கு நேர் மேல ஒத்தையா போகணும். வளைவுல மட்டும் சின்னச் சின்ன நேர்க்கோடா உடைஞ்சு போகும், ஒவ்வொரு உடைவுலயும் பக்கத்துக் கம்பத்துல இருந்து ஒரு கம்பி அதை வெளிப்பக்கமா இழுத்துப் பிடிக்கும். முக்குல அண்ணாந்து பாத்தா சிலந்தி வலை மாதிரி இருக்கறது இதனாலதான். தண்டவாளம் பிரியற இடத்துல மேலயும் ஒரு ஃப்ராக் இருக்கணும், போல் எந்தப் பக்கம் போகணும்னு அதுதான் பிரிச்சு விடும். 509ல பான்டோகிராஃப் வந்தது 2017ல, உங்க 2011க்கு எல்லாமே போல்தான். வோல்டேஜ் 600 டிசி.

ஸ்விட்சுக்கும் ஒண்ணு சொல்லணும். அங்க ஸ்விட்ச்ல நாக்கு ஒரு பக்கம் மட்டும்தான், வளைவோட உள்பக்க தண்டவாளத்துல. எதிர்ப்பக்கம் அசையாத வெறும் பள்ளம்தான். இணையத்துல கிடைக்கற டிராம் ஸ்விட்ச் ஆப்ஜெக்ட் பெரும்பாலும் ரெண்டு நாக்கு வச்சது, ஐரோப்பா பாணி. அதை வச்சீங்கன்னா அண்ணை மாதிரி பாத்துப் பழகினவங்க முதல் முக்குலயே கண்டுபிடிச்சுடுவாங்க.

திருப்பத்துல வேகத்தை 10க்கு கட்டுங்க. ரோட்டுல சாய்மானம் கிடையாது, 15ல போனாலே பக்கவாட்டு இழுப்பு (ஆக்ஸிலரேஷன் மாதிரியே மீட்டர் கணக்குல) 1.5க்கு மேல போகுது, நிக்கற ஆள் விழுந்துடுவார். 10ல அது பாதிக்கும் கீழ.

ரொறொன்ரோக்காரன்

தம்பி, 2011 நல்ல வருசம், எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு. டன்னலுக்கால வெளியில வரேக்க முதல்ல கண் கூசும், பிறகு இடப்பக்கம் ஏரி தெரியும், அதை நீங்கள் வெளிச்சத்திலதான் காட்ட வேணும்.

ஃபிளீட் வீதியில ஒரு சின்ன வெளிச்சவீடு நிக்குது, லூப்புக்குப் பக்கத்தில, தண்ணிக்குக் கிட்டக் கூட இல்லை. 1861ல துறைமுகத்துக்குக் கட்டினது, கரையை நிரப்ப நிரப்ப தண்ணி தள்ளிப் போயிட்டுது, பிறகு 1929ல இஞ்சால நகர்த்தி வைச்சவை. குதிரை இழுத்த முதல் ஸ்ட்ரீற்கார் இந்த ஊரில ஓடத் தொடங்கினதும் அதே 1861தான். அதை விடாமல் வையுங்கோ, 509ல போறவை எல்லாரும் அதை வைச்சுத்தான் எக்ஸிபிஷன் கிட்ட வந்திட்டுது எண்டு எழும்புவினம்.

சத்தம் வேணுமெண்டா, ரொறொன்ரோவுக்கு வெளியில ஹால்ற்றன் கவுண்டி ரேடியல் ரயில்வே எண்டு ஒரு மியூசியம் இருக்கு. இதே அகலத் தண்டவாளம், பழைய வண்டியள் நிக்குது, சிஎல்ஆர்வியும் இருக்கு. கோடையில மகனோட போறதா இருக்கிறன். முதல்ல அவையிட்ட கேட்டுட்டு, ஓம் எண்டா, மணி, கதவு, வண்டி எடுக்கிறது, நிக்கிறது எல்லாத்தையும் பதிஞ்சு அனுப்புறன். எந்த இடத்தில இருந்து பதிய வேணும் எண்டு சொல்லுங்கோ.

பழையகம்பி

அண்ணை, இதுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல ஒண்ணு, பின் சக்கரத்துக்கு மேல சீட்ல ஒண்ணு, வெளிய நின்னு வண்டி தாண்டிப் போறது ஒண்ணு. நின்ன இடத்துல இருந்து முழு வேகம் வரைக்கும் நடுவுல யாரும் பேசாம ஒரு தடவை கிடைச்சா அதை வேகம் வேகமா வெட்டி மோட்டார் டேபிள்ல வச்சுக்கலாம். கதவு திறக்கறதும் மூடறதும் தனித்தனியா.

வயரை எல்லாம் கழட்டிட்டு நடுவுல ஒத்தையா போட்டாச்சு. யூனியன் லூப்ல இருந்து பாதர்ஸ்ட் திருப்பம் வரைக்கும் தண்டவாளம் முடிஞ்சது, கட்டடம் எதுவும் இன்னும் வைக்கல, பச்சைத் தரைல வெறும் தண்டவாளமும் வயரும் மட்டும் நிக்குது. நேத்து ராத்திரி அதுல ஓட்டினேன். பாதர்ஸ்ட் முக்குல 10க்கு குறைச்சு, ஸ்விட்ச்சுக்கு முன்னாடி நிறுத்தி, குனிஞ்சு நாக்கைப் பாத்துட்டு எடுத்தேன். பாதை மாறாதுன்னு தெரியும், இருந்தாலும் பாத்தேன்.

வெளிச்சவீட்டைத்தான் அடுத்து செய்யப் போறேன். அதோட படம் பக்கவாட்டுல இருந்து யார்கிட்டயாவது இருந்தா அனுப்புங்க, முன்பக்கம் மட்டும்தான் கிடைச்சிருக்கு.